80 வயது தாண்டிய அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் கச்சேரிக்கு இவ்வளவு காசு கொடுத்துப் போகலாமா?

கேள்வி கேட்டவர் டிக்கெட் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, “குரல் போய்விட்டதாமே, பழைய பாட்டெல்லாம் பாடுவதில்லையாமே” என்று யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்கிறேன். வீட்டில் யாராவது “இதுக்கா இவ்வளவு?” என்று கேட்டும் இருக்கலாம். என்னிடம் கேட்டார்கள். அந்த வயிற்றெரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இசை விமர்சகன் இல்லை. கிடாரை எந்தக் கையில் பிடிப்பது என்று கேட்டால்கூடக் கொஞ்சம் யோசிப்பேன். “டிலனை 1966-இல் பார்த்திருக்க வேண்டும்” என்று ஆரம்பிக்கிறவர்களுக்கு: அப்போது நான் பிறக்கவே இல்லை, மன்னியுங்கள்.

நான் பார்த்தது 2024 நவம்பர் 13, புதன்கிழமை, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில். ‘ரஃப் அண்ட் ரவுடி வேஸ்’ என்று 2020-இல் ஓர் ஆல்பம் போட்டார் இல்லையா, அதன் பேரில் 2021-இலிருந்து ஊர் ஊராகப் பாடி வந்தார். அந்த வருடப் பயணத்தின் கடைசி மூன்று இரவுகளில் இரண்டாவது. அவருக்கு அப்போது 83 வயது. என்னோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்த மதுரைத் தம்பியையும் இழுத்துக்கொண்டு போனேன். அவனுக்கு டிலன் என்றால் யாரென்றே தெரியாது. “2016-ல இலக்கியத்துக்கு நோபல் வாங்கின பாட்டுக்காரர்டா, இனிமே கிடைக்க மாட்டார்” என்று சொல்லி, இரண்டு டிக்கெட்டையும் என் கார்டிலேயே போட்டேன். இது பின்னால் வரும், நினைவில் வையுங்கள்.

வாசலிலேயே போனை ஒரு துணிப்பையில் போட்டுக் காந்தப் பூட்டால் பூட்டிக் கையில் கொடுத்துவிட்டார்கள். பை நம்மிடமே இருக்கும், திறக்கத்தான் முடியாது. வெளியே வரும்போது அதற்கென்று வைத்திருக்கும் கருவியில் தட்டினால் திறந்துகொள்ளும். தம்பிக்கு முகமே செத்துவிட்டது. “அப்புறம் வந்ததுக்கு என்னண்ணே ஆதாரம்?” என்றான்.

எனக்கோ உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். ஏன் என்றால் ஒரு கதை இருக்கிறது. என் சொந்தத் தங்கை கல்யாணத்தில் தாலி கட்டியதை நான் பார்க்கவில்லை. மூன்றடி தூரத்தில் அட்சதையோடு நின்றேன், ஐயா. நான் பார்த்தது ஒரு வீடியோக்காரரின் முதுகையும், அவர் தோளுக்கு மேலே நீண்ட ஏழெட்டு போன்களையும்தான். ஒதுங்கச் சொன்னதற்கு, “ஆல்பத்துல பாத்துக்கலாம் சார்” என்றார். ஆல்பம் நாலு மாதம் கழித்து வந்தது. அதில் அட்சதையை யார் மேலே போடுவது என்று தெரியாமல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன். நம் ஊர்க் கல்யாண மண்டபங்களிலும் இந்தப் பூட்டுப் பையை வைக்க வேண்டும், முதல் பை வீடியோக்காரருக்கு. சரி, கேள்விக்கு வருகிறேன்.

எங்கள் இடம் மேலே, கிட்டத்தட்ட கூரைக்குப் பக்கம். 1871-இல் திறந்த நீள்வட்ட மண்டபம் அது. எதிரொலி தொல்லை தாங்காமல் 1969-இல் கூரையிலிருந்து பெரிய பெரிய தட்டுகளைத் தொங்கவிட்டார்கள். காளான் என்பது அவற்றின் செல்லப்பெயர். காளான்கள் நன்றாகத் தெரிந்தன. டிலன்தான் தெரியவில்லை. மங்கலான வெளிச்சம், பியானோ, அதற்கு மேலே கொஞ்சம் சுருட்டை முடி, அவ்வளவுதான். வந்தார், உட்கார்ந்தார், வணக்கம் சொல்லாமல் ஆரம்பித்தார்.

முதல் பாட்டு ‘ஆல் அலாங் த வாட்ச்டவர்’. வார்த்தைகளை வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன், பெருமையாகத் தம்பியைப் பார்த்தேன். இரண்டாவது பாட்டில் மாட்டிக்கொண்டேன். மெட்டு புதிது, தாளம் புதிது, வரியை எங்கே நிறுத்துகிறார் என்றே பிடிபடவில்லை. “அண்ணே, எப்ப பழைய பாட்டு பாடுவார்?” என்று கேட்டான். “இருடா, வரும்” என்றேன். பக்கத்து இருக்கையில் எழுபது வயதுக்குக் குறையாத ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. பரீட்சையில் பிட் கொடுப்பதுபோல என் பக்கம் லேசாகச் சாய்ந்து, ‘இட் எய்ன்ட் மீ, பேப்’ என்றார். 1964-இல் வந்த பாட்டு! கல்லூரிக் காலத்திலிருந்து நான் நூறு தடவையாவது கேட்டது. வெட்கமாகிவிட்டது, தம்பியிடம் மொழிபெயர்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பாட்டுக்கும் மேடையைப் பார்ப்பதற்கு முன் அந்தம்மாவின் முகத்தைப் பார்த்தேன். நாலு சுரம் போவதற்குள் அவருடைய ஆள்காட்டி விரல் கைப்பை மேல் தட்ட ஆரம்பித்துவிடும். விரல் தட்டிவிட்டால் பாட்டு பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். பாட்டின் பெயர் இந்தப் பக்கம் வரும்.

குரலைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த இளம் மூக்குக் குரல் இல்லை, உண்மை. தேங்காய் துருவுகிற மாதிரி இருக்கிறது. ஆனால் ஒரு வார்த்தை விழுங்கப்படவில்லை. உயரப் போக முடியாத இடத்தில் வரியைப் பேச்சுபோல விடுகிறார், தாளத்துக்குப் பின்னால் வேண்டுமென்றே தங்கி, கடைசி நொடியில் ஓடி வந்து சேர்ந்துகொள்கிறார். ஒரே வரியை வெவ்வேறு விதமாகப் போட்டுப் பார்க்கும் நிரவல் கேட்டவர்களுக்கு இது அவ்வளவு அந்நியமாக இருக்காது. (கர்நாடக சங்கீதத்தோடு ஒப்பிட்டதற்கு இரண்டு பக்கத்திலிருந்தும் அடிக்க வருவீர்கள் என்று தெரியும். வாருங்கள்.) இது வயதானதால் வந்த பழக்கமும் இல்லை. 1966-இல் மின்கிடாரோடு பாதிக் கச்சேரி வாசித்தபோதே பழைய மாதிரிப் பாடவில்லை என்ற கோபத்தில் கூட்டத்திலிருந்து ஒருவர் “யூதாஸ்!” (துரோகி என்று அர்த்தம்) என்று கத்தினார். அது இந்த ஆல்பர்ட் ஹாலில் நடந்தது என்று ரொம்ப காலம் நம்பினார்கள், ஏனென்றால் திருட்டுப் பதிவு அந்தப் பெயரில்தான் சுற்றியது. நடந்தது மே 17, மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலில். ஆக, நானும் தம்பியும் அறுபது வருடப் பழைய புகாரைத்தான் புதிதாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

டிரம்ஸில் ஜிம் கெல்ட்னர். 1971-இல் பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன் நியூயார்க்கில் நடத்திய வங்கதேச நிதிக் கச்சேரியில் வாசித்தவர், டிலனும் அன்று பாடினார். இவருக்கும் எண்பது தாண்டியாகிவிட்டது. சத்தமே போடவில்லை, டிலன் எங்கே தாமதிப்பார் என்று காத்திருந்து அங்கே மட்டும் ஒரு தட்டு. டிக்கெட் காசில் பாதி இவருக்கே சரியாகப் போய்விட்டது.

கடைசியில் ‘எவ்ரி கிரெய்ன் ஆஃப் சாண்ட்’. ஹார்மோனிகாவை எடுத்தார். விரல் தட்டவில்லை. திரும்பினால் அந்தம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். பெயர் சொல்லவில்லை, எனக்கும் தேவைப்படவில்லை. பாட்டு முடிந்ததும் விளக்கு அணைந்தது. “இன்னும் ஒன்று” எல்லாம் கிடையாது.

அதனால் என் பதில்: தெரிந்த பாட்டைத் தெரிந்த மாதிரியே கேட்க வேண்டுமென்றால் போகாதீர்கள், யூடியூப் இருக்கிறது, சும்மா கிடைக்கும். மற்றபடி போங்கள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போங்கள், வெளிச்சம் ரொம்பக் குறைவு.

சவுத் கென்சிங்டன் ஸ்டேஷன் வரை தம்பி வாயே திறக்கவில்லை. பூட்டு திறந்து அரைமணி நேரமாகியும் போனை எடுக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். படியிறங்கும்போது, “அண்ணே, என் டிக்கெட் எவ்வளவு? நான் குடுத்துர்றேன்” என்றான். கரண்ட் பில்லில் தன் பங்கைக்கூட மூன்று முறை கேட்டால்தான் தருகிறவன்.

இன்னும் தரவில்லை.