பூப்போட்ட ஷிஃபானும் கோணல் ஓரமும்

கே: செப்டம்பர் ஃபேஷன் ஷோவில் பார்த்த ரஃபிள் வைத்த கவுன் அடுத்த மாத விருந்துக்கு வேண்டும். பிராண்டின் கடையில் இன்னும் வரவில்லை என்கிறார்கள். ஆன்லைனில் ஒருவர் பத்தே நாளில் அனுப்புவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

ப: வேண்டாம். செப்டம்பர், அக்டோபரில் காட்டுவது அடுத்த ஆண்டின் வசந்த-கோடை உடைகள். கடைகள் ஆர்டர் கொடுத்து, தைத்து வரச் சில மாதங்கள் ஆகும். 2016-ல் பர்பெரி என்ற பிரிட்டிஷ் பிராண்டு ஷோ முடிந்த கையோடு விற்றுப் பார்த்தது. பெரும்பாலான பிராண்டுகள் இன்னும் பழைய வழிதான். பிராண்டின் கடைக்கே வராதது அவர் கைக்கு எப்படி வந்தது? படத்தைப் பார்த்துத் தைத்த நகலாகத்தான் இருக்கும்.

கே: மாடல் தலையில் வைத்திருந்த பூக்கிரீடமும் கவுனோடு வருமா?

ப: வராது.

கே: பெரிய லேபிளின் பயஸ் கட் ஷிஃபான் கவுன். சில முறைதான் உடுத்தினேன், கீழ் ஓரம் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. என் உடல்வாகுதான் காரணம் என்கிறார் கடைக்காரர்.

ப: தையல் குறைக்கு உங்கள் இடுப்பின் மேல் பழி! பயஸ் கட் என்றால் துணியை 45 டிகிரி சாய்த்து வெட்டுவது, அப்படி வெட்டினால் உடலோடு வழிந்து விழும். 1920, 30-களில் பாரிஸில் உடை வடிவமைப்பாளர் மெதலீன் வியோனே இந்த வெட்டில் பேர் வாங்கினார். ஆனால் அப்படி வெட்டிய துணி தன் எடையாலேயே கீழே இழுபடும், அதுவும் இடத்துக்கு இடம் வேறு அளவில். அதனால் தைத்ததை ஒரு நாளாவது தொங்கவிட்டு, இறங்குவதெல்லாம் இறங்கிய பிறகு ஓரத்தைச் சமமாக வெட்டி மடித்தடிக்க வேண்டும். அந்த ஒரு நாளைத்தான் மிச்சம் பிடிக்கிறார்கள். என் அலமாரியிலும் அப்படி ஒன்று கிடக்கிறது: இடது காலில் முட்டி வரை, வலது காலில் கெண்டைக்கால் வரை. விலையைச் சொன்னால் எனக்கே எரிச்சல் வரும்.

இரண்டு பக்கமும் தரையிலிருந்து அளந்து, படம் எடுத்து, ஓரத்தைச் சரிசெய்து தரும்படி எழுத்தில் கேளுங்கள். வீட்டில் அதை ஹேங்கரில் மாட்டாமல் மடித்து வையுங்கள். அடுத்த முறை உடையை உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஷிஃபானில் பிரெஞ்சு சீம், அதாவது பிசிறு உள்ளே மறைய இரண்டு முறை அடித்த தையல், இருந்தால் பொறுமையாகத் தைத்திருக்கிறார்கள். அந்த விலைக்கு உள்ளே ஓரத்தை நூலால் சுற்றி அடித்த வெறும் ஓவர்லாக் என்றால் திரும்ப மாட்டிவிட்டு வந்துவிடுங்கள். அப்புறம், உள்ளே கையை விட்டுப் பாருங்கள். விரல் நகம் வரை தெரிந்தால், உள்ளே உடுத்தும் ஸ்லிப் சேர்ந்து வருமா என்று கேளுங்கள். மேடையில் மாடலின் கவுனுக்குள் ஒன்று இருந்திருக்கும், பெட்டிக்குள் இருக்கும் என்பது நிச்சயமில்லை.

கே: பிரெஞ்சு அளவில் எனக்கு 40. தள்ளுபடியில் இத்தாலிய லேபிளின் 40 வாங்கினேன், ஜிப் ஏறவில்லை. திரும்ப எடுக்க மாட்டார்களாம்.

ப: இத்தாலிய 40 பிரெஞ்சில் ஏறத்தாழ 36. அளவு அட்டவணை பார்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? தையல் பிரித்தாலும் அவ்வளவு இடம் கிடைக்காது. விற்றுவிடுங்கள்.

கே: ரன்வே படம் போட்டு ‘அசல் பட்டு ஆர்கன்சா’ என்றார்கள். வந்த கவுனின் லேபிளில் 100% பாலியெஸ்டர். கேட்டதும் என்னை பிளாக் செய்துவிட்டார்கள். நான் ஏமாளிதானே?

ப: இல்லவே இல்லை. எழுதியிருந்ததை நம்பினீர்கள், அது குற்றமா? விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ரசீது, பார்சல் உறை, துணி லேபிள் நான்கையும் பத்திரப்படுத்துங்கள். கார்டில் கட்டியிருந்தால் இன்றே வங்கியிடம், சொன்னது ஒன்று, வந்தது வேறு என்று புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். அதற்குக் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். அதுவரை கவுனை உடுத்தவும் வேண்டாம், லேபிளை வெட்டவும் வேண்டாம்.