விரல் மரத்துப்போகிறது: சைக்கிள் ஷூவை எப்படிப் பார்த்து வாங்குவது?

கேள்வி: எனக்கு வயது 47. சென்னையில் இருக்கிறேன். ஐந்து வருடமாகச் சர்க்கரை நோய் உண்டு. மெட்ஃபார்மினும் கிளிமெப்பிரைடும் சாப்பிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஈசிஆரில் மாமல்லபுரம் வரை ரோடு பைக்கில் போய் வருவேன். 30 கிலோமீட்டர் தாண்டியதும் வலது காலில் மூன்றாவது, நான்காவது விரல்கள் மரத்துப்போகின்றன. முன்பாதத்தின் அடியில் எரிகிறது. ஷூவைக் கழற்றினால் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். கொஞ்ச நாளாக இடது முழங்காலின் வெளிப்பக்கத்திலும் வலிக்கிறது. ஷூ ஆன்லைனில் வாங்கியது. யூரோ சைஸ் 42, அடியில் இரண்டு துளை உள்ள எஸ்பிடி வகை (ஷூவைப் பெடலில் பூட்டும் ஷிமானோ முறை). ஒரு சைஸ் பெரிதாக, மூன்று துளை உள்ள ரேஸ் ஷூ வாங்கினால் எல்லாம் சரியாகும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். என் எஸ்பிடி பெடலில் அது பொருந்துமா? இன்னும் இரண்டு மாதத்தில் 200 கிலோமீட்டர் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்ட தூரச் சைக்கிள் பயணம்) ஓட்டப் பதிவு செய்திருக்கிறேன்.

பதில்: அந்த ரேஸ் ஷூவுக்கு இன்னும் பணம் கட்டவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள். உங்கள் காலுக்கும் அது சரியான தேர்வு இல்லை, பெடலுக்கும் இல்லை.

முதலில் மரத்துப்போவதைப் பார்ப்போம். முன்பாதத்தில் ஐந்து நீண்ட எலும்புகள் இருக்கின்றன. அவற்றின் இடைவெளிகள் வழியாகத்தான் விரல்களுக்குப் போகும் நரம்புகள் செல்கின்றன. ஷூ அகலம் குறைவாக இருந்தால் எலும்புகள் ஒன்றோடொன்று நெருங்கி நரம்பை நசுக்கும். மூன்றாவது எலும்புக்கும் நான்காவது எலும்புக்கும் நடுவே இது அதிகம் நடக்கும். நீங்கள் சொல்லும் அதே இரண்டு விரல்கள்! ஒரு காலில் மட்டும் வருவது, ஓட்டும்போது மட்டும் வருவது, ஷூவைக் கழற்றியதும் போய்விடுவது, இந்த மூன்றும் அழுத்தத்தைத்தான் காட்டுகின்றன. சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பு பொதுவாக இரண்டு பாதங்களிலும் ஒரேபோல, விரல் நுனியில் தொடங்கி மேலேறும். இரவில் படுக்கும்போது அதிகமாகத் தெரியும்.

அப்படியென்றால் சர்க்கரைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று விட்டுவிட முடியாது. சர்க்கரையால் ஏற்கெனவே களைத்த நரம்பு, ஆரோக்கியமான நரம்பைவிடச் சின்ன அழுத்தத்துக்கே படுத்துவிடும். இன்னொரு விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. உணர்ச்சி லேசாகக் குறைந்த பாதத்துக்கு இறுக்கமான ஷூ 'கச்சிதமாக' இருப்பதுபோலத் தோன்றும். சரியான அளவு ஷூ போட்டால் தொளதொளவென்று இருப்பதாக நினைத்து ஒரு சைஸ் சின்னதாக வாங்குவார்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களிடம் அடிக்கடி காணும் பழக்கம் இது. அதனால் 'போட்டுப் பார்த்தேன், நன்றாக இருந்தது' என்பதை நீங்கள் ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்கேலும் கண்ணும் சொல்வதை நம்புங்கள்.

புது ஷூவுக்கு முன்னால் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுங்கள். 10 கிராம் அழுத்தம் தரும் மெல்லிய நைலான் இழையால் பாதத்தின் சில இடங்களைத் தொட்டு, உங்களுக்குத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். பாதத்தின் நாடித் துடிப்பையும் பார்ப்பார்கள். ஐந்து நிமிட வேலைதான். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சியோடு வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம். அதுவும் விரல்களை மரத்துப்போக வைக்கும். சைவ உணவுக்காரர் என்றால் வாய்ப்பு இன்னும் அதிகம்.

அந்த இழை படுவது தெரியவில்லை என்றால், பாதத்தைப் பெடலோடு பூட்டும் ஷூவே வேண்டாம். முன்பக்கம் அகலமான, அடி கெட்டியான சாதாரண ஷூவும் தட்டையான பெடலும் போதும். 200 கிலோமீட்டர் பிரெவேக்கு 13½ மணி நேரம் தருகிறார்கள். தட்டைப் பெடலில் அதைத் தாராளமாக முடிக்கலாம்.

உணர்ச்சி நன்றாக இருக்கிறது என்று வந்தால் ஷூ பேச்சுக்கு வருவோம். நீங்கள் 42 என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த எண் நீளத்தை மட்டுமே சொல்லும். ஒரு யூரோ சைஸுக்கும் அடுத்ததற்கும் 6.7 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். உங்களுக்குத் தேவைப்படுவதோ அகலம். அகலத்துக்காக 43 வாங்கினால் முன்னால் இடம் வீணாகக் கிடக்கும், குதிகால் ஒவ்வொரு மிதிக்கும் மேலே எழும். அதைத் தடுக்க ஸ்ட்ராப்பை இன்னும் இறுக்குவீர்கள். நரம்பு மறுபடி நசுங்கும். ஷிமானோ, லேக் போன்ற நிறுவனங்கள் சில மாடல்களை அதே நீளத்தில் அகலமாகவும் தயாரிக்கின்றன. தேடும்போது 'வைடு' என்று சேர்த்துத் தேடுங்கள்.

பாதத்தைச் சாயங்காலம் அளக்க வேண்டும். பகலெல்லாம் நடந்து, வெயிலில் வீங்கி, பாதம் அப்போதுதான் நீண்ட ரைடில் இருக்கும் அளவுக்கு வரும். சைக்கிளுக்குப் போடும் அதே சாக்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள். சுவரோடு ஒரு தாளை ஒட்டிவைத்து, குதிகால் சுவரில் பட, உடம்பின் எடை முழுவதும் அந்தக் காலில் இருக்கும்படி நில்லுங்கள். உட்கார்ந்து அளந்தால் பாதம் விரியாது. பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வீட்டில் ஒருவரை வரையச் சொல்லுங்கள்; நீங்களே குனிந்து வரைந்தால் எடை மாறிவிடும். குதிகாலிலிருந்து நீளமான விரல் நுனி வரை எத்தனை மில்லிமீட்டர், பெருவிரலுக்குப் பின்னால் உள்ள எலும்பு மேட்டிலிருந்து சுண்டுவிரல் பக்க மேடு வரை எத்தனை மில்லிமீட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பாதங்களையும் அளந்து, பெரிய பாதத்தின் கணக்கை எடுங்கள். அப்புறம் அந்த மாடலுக்கான அட்டவணையில் சென்டிமீட்டர் கட்டத்தைப் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் 42 இன்னொரு நிறுவனத்தின் 42 ஆக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் செருப்பின் இந்திய அளவை வைத்து மனக்கணக்குப் போடவே வேண்டாம்.

இனி பெடல். ஷூவின் அடியில் திருகி, பெடலில் மாட்டிக்கொள்ளும் துண்டுக்குக் கிளீட் என்று பெயர். மூன்று துளை ஷூவில் முக்கோண வடிவப் பிளாஸ்டிக் கிளீட்டைப் பூட்டுவார்கள். உங்கள் எஸ்பிடி பெடல் அந்தக் கிளீட்டைப் பிடிக்காது. மூன்று துளையில் எஸ்பிடி கிளீட்டை வைக்க ஒரு இணைப்புத் தகடு கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் கிளீட் அடியில் துருத்திக்கொண்டு நிற்கும். இறங்கி நடந்தால் டைல்ஸ் தரையில் வழுக்கும். மூன்று துளை ஷூவோடு பெடலையும் மாற்றலாமே என்று கேட்பீர்கள். அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது: ஷிமானோவின் மூன்று துளை வகையான எஸ்பிடி-எஸ்எல் கிளீட்டும் லுக் நிறுவனத்தின் கியோ கிளீட்டும் ஒரே மூன்று துளையில் பூட்டிக்கொள்ளும், ஆனால் ஒன்றின் கிளீட் மற்றதன் பெடலில் ஏறாது. ஷூ பொருந்திவிட்டது என்பதால் பெடலும் பொருந்தும் என்று நினைத்து ஏமாறுபவர்கள் நிறைய.

மூன்று துளை வகை பந்தயத்துக்காக வந்தது. பனிச்சறுக்குக் காலணிகளைப் பூட்டும் கருவி செய்துகொண்டிருந்த லுக் நிறுவனம் 1984இல் இந்தப் பெடலைக் கொண்டுவந்தது. அடுத்த வருடம் பிரெஞ்சு சைக்கிள் வீரர் பெர்னார்ட் இனோ அதை மிதித்து டூர் டி பிரான்ஸை வென்றார். பந்தயக்காரர் வழியில் இறங்கி நடப்பதில்லை. ஷிமானோ 1990இல் கொண்டுவந்த எஸ்பிடியில் சின்ன உலோகக் கிளீட் ரப்பர் அடிக்குள் அமுங்கியிருக்கும், நடக்கலாம். பிரெவேயில் நீங்கள் ஒவ்வொரு கட்டுப்பாட்டு இடத்திலும் இறங்கி அட்டையில் குறிப்பு வாங்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், டீ குடிக்க வேண்டும். சர்க்கரை உள்ள ஒருவர் ரோட்டோரத்தில் வழுக்கி விழுவதை நான் விரும்பவில்லை. இரண்டு துளையிலேயே இருங்கள்.

சின்ன கிளீட் என்பதால்தான் பாதம் எரிகிறது என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். ஷூவின் அடி வளைந்தால் அப்படி ஆகும்; அடி கெட்டியாக இருந்தால் அழுத்தம் பாதம் முழுக்கப் பரவிவிடும். இப்போதைய ஷூவை இரண்டு கையாலும் பிடித்து நடுவில் வளைத்துப் பாருங்கள். சுலபமாக வளைந்தால் அதுவும் ஒரு காரணம்தான்.

பார்சல் வந்ததும் கிளீட்டை மாட்டாதீர்கள். திருகின தடம் விழுந்துவிட்டால் பெரும்பாலும் திருப்பி எடுக்க மாட்டார்கள். முதலில் உள்ளே இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள். பாதம் ஓரங்களில் வழிந்தால் ஷூ குறுகல், திருப்பி அனுப்பிவிடுங்கள். சரியாக இருந்தால் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள், தையல் முடிச்சோ துருத்தலோ தட்டுப்படக் கூடாது. சாயங்காலம், பாய்மேல் மட்டும் அரை மணி நேரம் போட்டிருங்கள். கழற்றியதும் கண்ணாடி வைத்து அடிப்பாதம் உட்பட முழுக்கப் பாருங்கள். சிவந்த தடம் சில நிமிடங்களில் மறையாவிட்டால், வலி இல்லாவிட்டாலும், அந்த ஷூ வேண்டாம். பிறகு கிளீட்டைப் பூட்டும்போது திருகாணியின் நுனி உள்பக்கம் எட்டிப் பார்க்கிறதா என்று இன்சோலைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள். ஒரு மில்லிமீட்டர் முனை போதும், புண் ஆக்கிவிடும்.

இடது முழங்காலுக்குக் காரணம் அநேகமாக ஷூவின் அளவு இல்லை, கிளீட்டின் கோணம். தொடையின் வெளிப்பக்கம் வழியாக முழங்காலுக்குக் கீழே இறங்கும் தடித்த நார்ப்பட்டை ஒன்று இருக்கிறது. கிளீட் காலை உள்நோக்கித் திருப்பி வைத்தாலோ, சீட் அதிக உயரத்தில் இருந்தாலோ அது இழுபடும். மேஜை நுனியில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடுங்கள். பாதம் இயல்பாக எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தக் கோணத்துக்குக் கிளீட்டைத் திருப்புங்கள். இரண்டு கிளீட்டையும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் குதிகால் பக்கம் நகர்த்தினால் முன்பாதத்தின் அழுத்தமும் குறையும். ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், பிறகு அடுத்தது. பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடிந்திருக்க வேண்டும்.

என்றாவது மூன்று துளைக்கு மாறினால் கிளீட்டின் நிறத்தைக் கவனியுங்கள். ஷிமானோவில் சிவப்பு என்றால் பாதம் அசையவே முடியாது, மஞ்சள் என்றால் 6 டிகிரி அசையும். லுக் கியோவில் சிவப்புதான் அதிகம் அசைவது, 9 டிகிரி, கறுப்பு அசையாது. முழங்கால் வலி உள்ளவர் நிறத்தை மாற்றி வாங்கினால் வலி கூடும்.

இன்சோலில் ஒட்டும் சின்ன மெத்தை ஒன்று உண்டு. எலும்பு மேட்டுக்கு அடியில் இல்லாமல், அதற்குக் கொஞ்சம் பின்னால் ஒட்டினால் எலும்புகளை விரித்து நரம்புக்கு இடம் தரும். அகலமான ஷூ போட்டும் மரத்துப்போனால் இதை முயலலாம். ஓட்டும்போது கனமான கியரில் அழுத்தாமல் லேசான கியரில் வேகமாகச் சுற்றுங்கள். ஒரு மணி நேரம் ஆனதும் ஸ்ட்ராப்பை ஒரு பல் தளர்த்துங்கள்.

கிளிமெப்பிரைடு சாப்பிடுவதால் இதையும் சொல்ல வேண்டும்: நீண்ட ரைடில் அது சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கலாம். அன்றைய மாத்திரை அளவைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள், பையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

மரத்துப்போவது ஷூவைக் கழற்றியும் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால், மற்ற பாதத்திலும் தொடங்கினால், கொப்புளமோ நிற மாற்றமோ தெரிந்தால், நடக்கும்போது ஆடுசதை பிடித்துக்கொண்டு, நின்றதும் விட்டுப்போனால், ரைடை நிறுத்திவிட்டு அதே வாரம் மருத்துவரைப் பாருங்கள். பிரெவேக்கு மூன்று வாரம் முன்பாவது புது ஷூவில் 100 கிலோமீட்டர் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதில் விரல்கள் மரத்துப்போனால் இந்த முறை பெயரை விலக்கிக்கொள்ளுங்கள். அடுத்த 200க்குப் பதிவு செய்யலாம்.