டாம் பெட்டி தொகுப்பில் எது அசல்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க ராக் குழு டாம் பெட்டி அண்ட் தி ஹார்ட்பிரேக்கர்ஸின் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' சிடியைப் பழைய சிடி கடையில் வாங்கினேன். கடைசிப் பாட்டு 'சம்திங் இன் தி ஏர்'. நண்பனின் சிடியில் அது இல்லை. பதிலாகப் பாடகி ஸ்டீவி நிக்ஸோடு பாடிய பாட்டு இருக்கிறது. எது அசல்? அடுத்து எந்த ஆல்பத்தைக் கேட்கலாம்? இந்தப் பாட்டுகளைப் பல ஆல்பங்களிலிருந்து எடுத்து நானே பட்டியல் போட்டால், ஒன்று கத்துகிறது, அடுத்தது முனகுகிறது. ஏன்?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்களிடம் இருப்பது 1993இல் எம்சிஏ இசை நிறுவனம் வெளியிட்ட அசல் வடிவம். 2008 மறுபதிப்பில் 'சம்திங் இன் தி ஏர்' போய், 'ஸ்டாப் டிராகின் மை ஹார்ட் அரவுண்ட்' வந்தது. அது 1981இல் நிக்ஸின் 'பெல்லா டோனா' ஆல்பத்துக்காகப் பெட்டியும் குழுவும் சேர்ந்து செய்த பாட்டு. 'ஹிட்ஸ்' என்ற பெயருக்கு நண்பருடையதே பொருத்தம். கேட்க உங்களுடையதுதான் மேல். 'மேரி ஜேன்ஸ் லாஸ்ட் டான்ஸ்', 'சம்திங் இன் தி ஏர்' இரண்டும் இந்தத் தொகுப்புக்காகவே தயாரிப்பாளர் ரிக் ரூபினோடு புதிதாகப் பதிவானவை. இரண்டாவது, தண்டர்கிளாப் நியூமேன் என்ற பிரிட்டிஷ் குழுவின் 1969 பாட்டு. ஹார்ட்பிரேக்கர்ஸின் டிரம்மர் ஸ்டான் லிஞ்ச் 1994இல் விலகினார். இந்த இரண்டையும் ஜோடியாகக் கேட்டால் பழைய குழுவின் கடைசி வாசிப்பு தெரியும். ஒன்றைப் பிடுங்கினால் அந்த முடிவு போய்விடுகிறது.

'ஐ வோண்ட் பேக் டவுன்' தொடங்கி ஐந்து பாட்டுகளில் ஒலியே மாறுவதைக் கவனித்திருப்பீர்கள். ஐந்திலும் தயாரிப்பாளர் ஜெஃப் லின்னின் கை இருக்கிறது: அடுக்கடுக்காய் அக்கூஸ்டிக் கிதார், எதிரொலி இல்லாத வறண்ட டிரம்ஸ். முதல் மூன்றும் உண்மையில் குழுவின் பாட்டுகளே அல்ல. பெட்டி தன் பெயரில் மட்டும் 1989இல் வெளியிட்ட 'ஃபுல் மூன் ஃபீவர்' ஆல்பத்தில் உள்ளவை. மறுபுறம், குழுவின் 1987 ஆல்பத்திலிருந்து ஒன்றுகூட இல்லை. அதில் பாப் டிலனோடு எழுதிய 'ஜாமின் மீ' விடுபட்டது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அடுத்து பலரும் 'டேம் தி டார்பிடோஸ்' (1979) என்பார்கள். நல்ல ஆல்பம்தான், ஆனால் அதன் ஒன்பது பாட்டுகளில் நான்கு உங்களிடம் ஏற்கெனவே உள்ளன. முதலில் 'வைல்ட்ஃப்ளவர்ஸ்' (1994) கேளுங்கள். அது தொகுப்புக்கு அடுத்த ஆண்டு, வார்னர் நிறுவனத்தில் வந்தது; அதனால் தொகுப்பில் அதிலிருந்து எதுவும் இல்லை. அதன் பதினைந்து பாட்டும் உங்களுக்குப் புதிது. பிறகு 'ஃபுல் மூன் ஃபீவர்', அதையும் சிடியிலேயே. நடுவில் பெட்டி பேசுவார்: எல்பி, கேசட் கேட்பவர்கள் எழுந்து பக்கம் திருப்பும்வரை சிடிக்காரர்களும் சற்றுக் காத்திருக்க வேண்டுமாம்! தொகுப்பில் இந்தக் குறும்பு கிடையாது.

கத்தலுக்கும் முனகலுக்கும் காரணம் மாஸ்டரிங், அதாவது வெளியீட்டுக்கு முன் ஒலியைச் சரிசெய்யும் கடைசி வேலை. தொகுப்பு தயாரிக்கும்போது எல்லாப் பாட்டையும் வரிசையாக வைத்து ஒலி அளவைச் சமன் செய்வார்கள். நீங்கள் எடுத்தவை வெவ்வேறு ஆண்டுகளின் மாஸ்டர்கள். பிந்தைய ரீமாஸ்டர்கள் பெரும்பாலும் சத்தம் கூடியவை. பிளேயரில் ரீப்ளேகெயின் (பாட்டுகளின் ஒலி அளவைச் சமன் செய்யும் வசதி) இருந்தால் முதலில் கோப்புகளை ஸ்கேன் செய்யுங்கள். கலந்த பட்டியலுக்கு 'டிராக்' முறையும், வெளியான தொகுப்பை அப்படியே கேட்க 'ஆல்பம்' முறையும் வையுங்கள். தொகுப்புக்கு 'டிராக்' வைத்தால் மெல்லிய பாட்டும் முரட்டுப் பாட்டும் ஒரே உயரத்துக்கு வந்து, அவர்கள் வேண்டுமென்றே விட்ட ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடும்.

எல்பி வாங்குவதானால் இரட்டைத் தட்டாகப் பாருங்கள். பதினெட்டுப் பாட்டும் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். ஒரே தட்டில் அடைத்தால் பக்கத்துக்கு அரை மணிக்கு மேல். ஊசி ஓடும் பள்ளங்கள் நெருங்கும், ஒலியையும் பேஸையும் குறைத்துத்தான் வெட்ட முடியும்.

அன்புடன்,
ஆசிரியர்