பழைய உழவு இயந்திரத்தில் கவர்னர் என்ன செய்கிறது?

அக்கரைப்பற்று வயலில் சூடடிக்கும்போது, கதிர்க்கட்டு உள்ளே போனதும் எஞ்சின் ஒருகணம் அமுங்கி மீண்டும் பழைய வேகத்தைப் பிடிப்பது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அது எஞ்சினின் வேகத்தைச் சீராக வைத்திருக்கும் கருவியான கவர்னரின் வேலை. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் சிறு எடைகள், வேகம் கூடும்போது வெளிநோக்கி விரிந்து டீசலைக் குறைக்கின்றன. சுமையால் வேகம் தணிந்தால், சுருள்வில் அவற்றை உள்ளே தள்ளி டீசலைக் கூட்டுகிறது. நீங்கள் கையால் இழுக்கும் நெம்புகோல், உண்மையில் அந்த வில்லின் இழுவையையே மாற்றுகிறது. ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவி எஞ்சினுக்குப் பொருத்தியதும் சுழலும் எடை என்ற இதே தத்துவந்தான்.

சுமையின்றி நிற்கையில் எஞ்சின் ஏறி இறங்கி உறுமினால், வில்லை முறுக்காமல், இணைப்புக் கம்பிகள் தேய்ந்திருக்கின்றனவா, டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சுமை திடீரென விலகும்போது எஞ்சினைக் காக்கும் தடை அதுவே என்பதால், முத்திரையிட்ட உச்சவேகத் திருகாணியைத் தயவுசெய்து தொடாதீர்கள்.