‘சேதாரம் இல்லை’ நோட்டீஸும் கல்லுக்குப் போட்ட தங்க விலையும்

கேள்வி: மகள் கல்யாணத்துக்குக் காரைக்குடியில் 3 பவுனில் கல் அட்டிகை எடுத்தோம். ‘சேதாரம் 0%’ என்ற நோட்டீஸை நம்பித்தான் போனோம். பில்லில் 26.400 கிராமுக்குத் தங்க விலை போட்டிருக்கிறார்கள். கூட வாங்கிய மூக்குத்தியில் ஹால்மார்க்கும் இல்லை. கடைக்கு அழைத்துப் போன தெரிந்தவர், தானே பேசி முடித்துத் தருகிறேன் என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா? - தேவகோட்டை வாசகி

பதில்: கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு அம்மா. முதலில் அந்த நோட்டீஸைப் பத்திரப்படுத்துங்கள்.

பில் நகலைப் பார்த்தேன். மொத்த எடை 26.400, கல் 2.400, நிகர எடை 24 கிராம். நிகர எடையை ஒழுங்காக எழுதிவிட்டு, விலையை மட்டும் மொத்த எடைக்குப் போட்டிருக்கிறார்கள். கீழே ‘கல் விலை’ என்று தனியாக ஒரு வரி வேறு. அதாவது ஒரே கல்லுக்குத் தங்க விலையும் வாங்கி, கல் விலையும் வாங்கியிருக்கிறார்கள். 24 கிராமுக்கு 2.400 கிராம் என்றால் சரியாக 10 சதவீதம். சேதாரம் என்ற பெயர்தான் போயிருக்கிறது, அதற்கான காசு பில்லிலேயே இருக்கிறது.

நோட்டீஸ் முழுக்கத் தமிழ், அடியில் நிபந்தனை மட்டும் பொடி எழுத்தில் ஆங்கிலம். விளம்பரம் எந்த மொழியிலோ அதே மொழியில், அதே எழுத்துருவில் நிபந்தனையும் இருக்க வேண்டும் என்று 2022-லேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டாயிற்று. ஊர் ஊராக நோட்டீஸ் கொடுப்பவர்களைத் தேடிப்போய்க் கேட்கத்தான் ஆள் இல்லை.

மூக்குத்திக்கு வருவோம். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. முத்திரைக்குத்தான் விலக்கு, தரத்துக்கு இல்லை. பில்லில் 22 காரட் என்று எழுதி விலை வாங்கினால் 22 காரட்தான் தர வேண்டும். ‘சின்ன நகை, அப்படித்தான் இருக்கும்’ என்பதை ஏற்காதீர்கள். தோடும் மூக்குத்தியும் தனித்தனியாக 2 கிராமுக்குள் இருந்தால் இரண்டுக்கும் விலக்கு உண்டு. ஆனால் அட்டிகைக்கு அந்தச் சாக்கு செல்லாது. அதில் எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க எச்யூஐடி, அதாவது அந்த நகைக்கே உரிய ஹால்மார்க் அடையாள எண் இருக்கும். ஹால்மார்க்கைக் கண்காணிக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டுப் பாருங்கள்.

இப்போது அந்தத் தெரிந்தவர். இப்படி அழைத்துப் போகிறவர்களில் பலருக்குக் கடையில் கமிஷன் உண்டு. அந்தக் கமிஷனும் உங்கள் பில்லில்தான் ஏறும். அவரே சமாதானம் பேசினால் ‘அடுத்த தடவை குறைத்துத் தருகிறோம்’ என்பதோடு முடியும். நான் பார்த்த வழக்குகளில் பாதி இப்படித்தான் வீணாகின.

கடைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதுங்கள்: 2.400 கிராமுக்கு வாங்கிய தங்க விலையையும் அதற்கான 3% ஜிஎஸ்டியையும் 15 நாளில் திருப்பித் தரவேண்டும். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். பில் தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 3 மாதத்தில் முடிக்கவேண்டும் என்கிறது சட்டம். வாய்தா வாய்தாவாக அலைய விடுவார்கள், அதற்கும் தயாராக இருங்கள். 2 வருடத்துக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும்.

அசல் பில்லை அந்தத் தெரிந்தவரிடம் கொடுத்திருந்தால், இன்றைக்கே திருப்பி வாங்கிவிடுங்கள்.