ஸ்பீடோமீட்டர் முள் அசையவில்லையா? பழைய கார் கேள்வி பதில்

மீட்டரும் கேபிளும்தான் எனக்கு இருபது வருடத் தொழில். சென்னையில் பழைய கார் வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

பெரம்பூர்: அண்ணா, அப்பா ஆசையாக வைத்திருந்த 1998 மாருதி 800. போன வாரம் முள் பூஜ்யத்திலேயே படுத்துவிட்டது. மெக்கானிக் மீட்டரையே மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: இப்போதே மாற்றாதீர்கள் தம்பி. வண்டி ஓடும்போது கிலோமீட்டர் எண்கள் நகருகின்றனவா என்று முதலில் பாருங்கள். முள், எண்கள் இரண்டையும் ஒரே கேபிள்தான் சுற்றுகிறது. இரண்டுமே நின்றிருந்தால் கோளாறு பெரும்பாலும் கேபிளில் இருக்கும். அது இல்லையென்றால் கியர்பாக்ஸில் கேபிளைச் சுற்றும் பினியன் என்ற சிறு பற்சக்கரத்தில். எண்கள் ஓடி, முள் மட்டும் கிடந்தால் மீட்டர்தான். முள் ஏறி எண்கள் மட்டும் நின்றால் மீட்டருக்குள் ஒரு பிளாஸ்டிக் பற்சக்கரம் போயிருக்கும். வண்டி ஓடும்போதே டிரிப் எண்ணை அழுத்திப் பூஜ்யம் ஆக்குபவர்களுக்கு இது வரும்.

இரண்டுமே நின்றிருக்கிறது என்றால் மீட்டருக்குப் பின்னால் கேபிளைக் கழற்றுங்கள். சமதளத்தில் நியூட்ரலில் போட்டு ஒருவர் வண்டியைத் தள்ளட்டும். நீங்கள் டார்ச் அடித்து, உள் ஒயரின் சதுர முனையைப் பாருங்கள். அது சுற்றினால் கேபிளும் பினியனும் நலம். மீட்டரைப் பார்க்க வேண்டும். சுற்றவில்லையா? உள் ஒயரை உருவுங்கள். பாதி நீளம்தான் கையில் வந்தால் அறுந்திருக்கிறது, மீதியைக் கியர்பாக்ஸ் பக்கமிருந்து எடுக்க வேண்டும். முழுசாக வந்தால் முனைகளை விரலால் தடவுங்கள். சதுரம் தேய்ந்து உருண்டையாகியிருந்தால் உள்ளே பிடிக்காமல் வழுக்கும். முனைகளும் நன்றாக இருந்தால் பினியனின் பற்கள்தான் போயிருக்கின்றன. இவ்வளவும் பார்த்த பிறகு மீட்டருக்குப் பணம் கொடுங்கள். அப்பா ஓட்டிய தூரம் அந்த எண்களில் இருக்கிறது, அவசரப்பட்டு அதைத் தூக்கிப்போட வேண்டாம்.

அம்பத்தூர்: ஆறு மாதத்தில் இரண்டு கேபிள் மாற்றிவிட்டேன். மறுபடியும் அறுந்துவிட்டது.

பதில்: அப்படியென்றால் கேபிளைக் குறை சொல்லாதீர்கள். கேபிள் போகும் வழியில் எங்கோ கூர்மையாக மடங்கியிருக்கலாம். இல்லையென்றால் மீட்டரின் தண்டு இறுகியிருக்கும். கேபிளைக் கழற்றிவிட்டு, மீட்டரின் பின்துளையில் பொருந்துகிற சிறு சதுர முனையைச் செருகி விரலால் சுற்றுங்கள். லேசாகச் சுற்ற வேண்டும். கடினமாக இருந்தால் மீட்டரைச் சுத்தம் செய்து எண்ணெய் விட்ட பிறகே புதுக் கேபிள் போடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாவதும் அறும்.

மயிலாப்பூர்: ஐயா, என்னுடையது பத்மினி. முப்பதைத் தாண்டினால் முள் நடுங்குகிறது, கீச்சென்று சத்தம் வேறு. கிரீஸ் நிறைய வைத்தேன். சத்தம் நின்றது, ஆனால் இப்போது எப்போதும் கூடுதலாகக் காட்டுகிறது.

பதில்: நடுக்கமும் கீச்சும் காய்ந்த கேபிளின் அடையாளம், நீங்கள் கிரீஸ் வைத்தது சரியே. அளவுதான் தவறிவிட்டது. உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். கேபிள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. அதைத் தொடாமல் தொப்பி போல ஓர் அலுமினியக் கிண்ணம் கவிழ்ந்திருக்கும், முள் அதோடு சேர்ந்தது. காந்தம் சுற்றும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து அதைத் திருப்புகிறது, முடி போன்ற ஒரு ஸ்பிரிங் பிடித்து நிறுத்துகிறது. சுற்றுகிற கேபிள் கிரீஸை மெல்ல மேலே ஏற்றிவிடும். அந்த இடைவெளியில் அது புகுந்தால் காந்தம் கிண்ணத்தைக் கூடவே இழுத்துப்போகும், முள் கூடுதலாகக் காட்டும். கியர்பாக்ஸ் பக்க சீல் போய், அங்கிருந்து எண்ணெய் ஏறினாலும் இதே கதைதான், அதையும் பாருங்கள். மீட்டரைத் தெரிந்தவரிடம் கொடுத்துக் கழுவச் சொல்லுங்கள். முடி ஸ்பிரிங் இருப்பதால் நீங்களே கை வைக்க வேண்டாம். அடுத்த முறை உள் ஒயரில் மெல்லிய பூச்சு போதும், மீட்டர் பக்கம் கடைசி ஒரு சாண் அளவுக்குப் பூசவே கூடாது.

வேளச்சேரி: எங்கள் தெருவில் மழைத்தண்ணீர் நின்ற பிறகு ஸ்பீடோமீட்டர் வேலை செய்யவில்லை. 2009 மாடல், கேபிளே இல்லை. என்ஜின் விளக்கும் எரிகிறது.

பதில்: கேபிள் இல்லாத வண்டியில் கியர்பாக்ஸ் மேல் உள்ள வேக சென்சாரோ, சக்கரங்களில் உள்ள ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) சென்சாரோ கணக்கைச் சொல்லும். ஃபியூஸைப் பாருங்கள், அப்புறம் சென்சாரில் ஒயர் செருகியிருக்கும் கப்ளரைக் கழற்றுங்கள். பச்சை பூத்திருந்தால் காண்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிட்டு மாட்டுங்கள். ஒயரை எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள், மழையில் அவையும் மேட்டைத் தேடி பானட்டுக்குள் வரும். வண்டியின் கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனரில் பி0500 வந்தால் வேக சென்சார் சுற்றில் கோளாறு என்று பொருள். சென்சார் மட்டும் என்று பொருள் இல்லை, ஒயரும் அதில் சேர்த்தி. அதனால் புதுச் சென்சார் வாங்குவது கடைசி வேலை.

அடையாறு: 2003 மாடல் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஓடியது 42,000 தானாம். நம்பலாமா?

பதில்: மீட்டருக்குப் பின்னால் கேபிளின் நட்டைப் பாருங்கள். பிளையர் தடம் இருந்தால் காரணம் கேளுங்கள், கேபிளைக் கழற்றிப் போட்டு ஓட்டியிருக்கலாம். பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் 42,000 இல்லை. பழைய சர்வீஸ் பில் இல்லாத எண்ணை நான் நம்புவதில்லை.

தாம்பரம்: 800-க்கு 145/70 ஆர்12 டயருக்குப் பதில் 145/80 போட்டேன். மீட்டர் குறைத்துக் காட்டுமா?

பதில்: காட்டும். சக்கரத்தின் விட்டம் சுமார் 508 மி.மீ.யிலிருந்து 537 ஆகிறது. மீட்டரில் 60 தெரிந்தால் உண்மையில் 63-க்கு மேல் போகிறீர்கள். ஐ.நா.வின் 39-ஆம் வாகன விதி, உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்கிறது. பழைய அளவுக்கே திரும்புங்கள்.

திருவான்மியூர்: கேபிள் மாற்றியாகிவிட்டது. இப்போது சரியாகக் காட்டுகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: விடியற்காலையில் ஈசிஆரில் போங்கள், நெரிசல் இருக்காது. முள்ளை 50-இல் நிறுத்தி, ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்வரை பக்கத்தில் இருப்பவர் நேரம் பார்க்கட்டும். 72 வினாடி ஆக வேண்டும். 75, 76 ஆனால் மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டுகிறது, பரவாயில்லை. 70-க்குக் கீழே வந்தால் மறுபடி மீட்டர்காரரிடம் கொண்டு போங்கள்.