பாதியில் நின்ற பல் சிகிச்சையும் நிற்காத கார்டு தவணையும்

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்கராகப் பணிபுரிகிறேன். என் தாயாருக்கு நான்கு பல் இம்பிளான்ட் பொருத்த வேண்டும் என்று கோவையில் உள்ள தனியார் பல் மருத்துவமனை ஒன்றில் கூறினார்கள். முழுத்தொகையையும் முன்கூட்டியே கேட்டதால், 1,80,000 ரூபாயை என் கிரெடிட் கார்டில் செலுத்தினேன். 12 மாத வட்டியில்லாத் தவணை என்று சொன்னார்கள். ஆனால் ஸ்டேட்மென்டில் மாதம் 16,246 ரூபாயும், வட்டிக்கான ஜிஎஸ்டியும் வருகின்றன. இரண்டு இம்பிளான்ட் மட்டுமே பொருத்தினார்கள். அதில் ஒன்று ஆடுகிறது. இப்போது அந்தக் கிளையையே மூடிவிட்டார்கள். தலைமை அலுவலகம் பதில் சொல்வதில்லை. வங்கியோ தவணையைக் கட்டியே ஆக வேண்டும் என்கிறது. தவணையை நிறுத்தலாமா? நிறுத்தினால் போலீஸ் வருமா? பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: தங்கள் தாயாரின் வலியும், கிடைக்காத சிகிச்சைக்கு மாதந்தோறும் பணம் கட்ட வேண்டியிருப்பதும் எவ்வளவு கசப்பானவை என்பதை உணர்கிறேன். ஆயினும் தவணையைத் தாங்களாகவே நிறுத்திவிடாதீர்கள் என்பதையே முதலில் சொல்ல வேண்டும்.

தாங்கள் கார்டைக் கொடுத்தபோது இரண்டு தனித்தனி ஒப்பந்தங்கள் உருவாயின. ஒன்று, சிகிச்சை அளிப்பதாக மருத்துவமனை ஏற்றுக்கொண்டது; மற்றொன்று, வங்கி மருத்துவமனைக்குச் செலுத்திய பணத்தைத் தாங்கள் வங்கிக்குத் திருப்பித் தருவதாக ஏற்றுக்கொண்டது. பிரிட்டனில் 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், விற்றவர் வாக்கு மீறினால் கார்டு வழங்கிய நிறுவனத்தையும் பொறுப்பாக்குகிறது. நம் நாட்டில் அத்தகைய பொதுவான சட்டப்பிரிவு இல்லை. ஆகவே மருத்துவமனை தவறியது என்ற ஒரே காரணத்தால் வங்கிக்கான கடன் அற்றுப்போவதில்லை. கட்டத் தவறிய தொகைக்குப் பல கார்டுகளில் மாதம் 3.5 விழுக்காடு, அதாவது ஆண்டுக்கு 42 விழுக்காடு அளவில் வட்டி ஏறுகிறது. தாமதக் கட்டணம் தனி. 30 விழுக்காட்டுக்கு மேல் கார்டு வட்டி வசூலிப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் அளித்த தீர்ப்பை, உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டதால், அந்தப் பாதுகாப்பும் இன்று இல்லை.

இதற்காக வங்கியிடம் கேட்க ஒன்றுமில்லை என்று எண்ண வேண்டாம். இன்றே வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மின்னஞ்சலிலும் விரைவுத் தபாலிலும் எழுதி, சேவை முழுமையாக வழங்கப்படவில்லை என்ற அடிப்படையில் சார்ஜ்பேக், அதாவது கார்டில் சென்ற பணத்தை விற்றவரிடமிருந்து வங்கி வழியாகத் திரும்பப் பெறும் நடைமுறையைக் கோருங்கள். விசா, மாஸ்டர்கார்டு, ரூபே ஆகிய வலைப்பின்னல்கள் இதற்குக் குறுகிய காலக்கெடுவே வைத்திருப்பதால், மருத்துவமனையின் பதிலுக்குக் காத்திருந்து நாளைக் கடத்தாதீர்கள். அதே கடிதத்தில் வட்டியைப் பற்றியும் எழுதுங்கள். தங்கள் கணக்கின்படி 12 தவணைகளின் கூட்டுத்தொகை 1,94,952 ரூபாய். அசலைவிட ஏறத்தாழ 15,000 ரூபாய் அதிகம். ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகள், தவணையாக மாற்றும் முன்பே அசல், வட்டி, அந்த வட்டியை ஈடுகட்ட முன்கூட்டித் தரும் தள்ளுபடி ஆகியவற்றைத் தனித்தனியாகக் காட்ட வேண்டும் என்றும், வட்டி உள்ள தவணையை வட்டியில்லாத் தவணை என்று மறைத்துத் தரக்கூடாது என்றும் தெளிவாகக் கூறுகின்றன. ஆகவே தள்ளுபடி எங்கே போனது என்று கேட்கும் உரிமை தங்களுக்கு உண்டு. கார்டைத் தேய்த்தபோது தந்த சீட்டு இதற்கு மிக முக்கியமான சான்று. அது வெப்பத்தாளில் அச்சானது என்பதால், எழுத்து மங்கும் முன் நகலெடுத்து வையுங்கள்.

பில்லைக் குறித்த புகாருக்கு 30 நாட்களுக்குள் வங்கி விளக்கம் தர வேண்டும் என்பதும், தகராறு நிலுவையில் இருக்கும்போது சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தவணை தவறியதாகத் தெரிவிப்பதில் மிகுந்த கவனம் வேண்டும் என்பதும் அதே விதிகளில் உள்ளன. 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம்.

போலீஸ் குறித்த அச்சத்திற்கு வருகிறேன். கார்டு பாக்கி உரிமையியல் சார்ந்த கடன். கட்ட இயலாமை மட்டுமே குற்றமாகாது. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக்கூடாது. மிரட்டுவதும், உறவினர்களிடமோ அலுவலகத்திலோ அவமானப்படுத்துவதும் தடை செய்யப்பட்டவை. ஆனால் ஓர் எச்சரிக்கை: சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு ஒப்புதல் தந்திருந்து, பணமின்றி அது திரும்பினால், 2007ஆம் ஆண்டின் பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைமைகள் சட்டத்தின் 25ஆவது பிரிவு காசோலை திரும்புவதைப் போன்ற குற்ற வழக்குக்கு இடமளிக்கிறது. கணக்கில் பணத்தைக் குறையவிட்டுத் தவணையைத் தடுக்கலாம் என்ற யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பணத்தைத் திரும்பப் பெறும் வழி மருத்துவமனைக்கு எதிரான வழக்கில்தான் இருக்கிறது. அது வலுவான வழக்கு என்பதே என் கருத்து. கட்டணம் பெற்று அளிக்கும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்தின் கீழ் சேவையே என்று உச்ச நீதிமன்றம் 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பணம் செலுத்திய தாங்களும் சேவையின் பயனைப் பெறவிருந்த தங்கள் தாயாரும் நுகர்வோரே. இருவரும் சேர்ந்தே புகார்தாரர்கள் ஆகுங்கள். கிளையை மூடியது நிறுவனத்தின் பொறுப்பை முடித்துவிடாது. நிறுவனத்தையும் சிகிச்சையளித்த மருத்துவரையும் எதிர்த்தரப்பினராகச் சேர்க்க வேண்டும். வட்டி மறைக்கப்பட்டது என்ற கோரிக்கை இருப்பதால் வங்கியையும் சேர்க்கலாம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பலர் இத்தகைய வழக்கை முழுவதும் மருத்துவக் கவனக்குறைவு என்றே எழுதிவிடுகிறார்கள். அதை மெய்ப்பிக்கப் பெரும்பாலும் நிபுணர் கருத்து தேவைப்பட்டு வழக்கு நீள்கிறது. நான்கு இம்பிளான்டுக்குப் பணம் பெற்று இரண்டுடன் நிறுத்தியது சேவைக் குறைபாடு; அதை ரசீதும் சிகிச்சைத் திட்டத் தாளும் ஓர் எக்ஸ்ரேயுமே காட்டிவிடும். அதையே முதன்மைக் கோரிக்கையாக வையுங்கள். ஆடும் இம்பிளான்டை வேறொரு பல் மருத்துவரிடம், இயன்றால் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி, எழுத்துப்பூர்வமான கருத்தைப் பெற்று, அதைத் தனிக் கோரிக்கையாகச் சேருங்கள்.

முதலில் நிறுவனத்திற்கு ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலில், 15 நாள் அவகாசம் தந்து அறிவிப்பு அனுப்புங்கள். சிகிச்சைப் பதிவேடுகளின் நகலையும் அதிலேயே கேளுங்கள். பதில் வராவிட்டால், தாங்கள் வசிக்கும் ஈரோட்டின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகாரைத் தாக்கல் செய்யலாம். கோவைக்கு அலைய வேண்டியதில்லை. செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டது என்பதால் கட்டணம் கிடையாது. காலக்கெடு இரண்டு ஆண்டுகள். பணத்துடன் தாங்கள் கட்டிய தவணை வட்டியையும் மன உளைச்சலுக்கான இழப்பீட்டையும் வழக்குச் செலவையும் கோருங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆவது பிரிவின் கீழ் இடைக்கால உத்தரவு பிறப்பிக்கும் அதிகாரம் ஆணையத்திற்கு உண்டு என்பதால், மீதித் தவணைகளை நிறுத்திவைக்கும்படி தனி மனுவும் போடலாம். அந்த உத்தரவு கையில் கிடைத்தால் மட்டுமே தவணையை நிறுத்துங்கள்.

இதே கிளையில் முன்பணம் கட்டி ஏமாந்த வேறு நோயாளிகள் இருந்தால், ஆணையத்தின் அனுமதியுடன் கூட்டாகப் புகார் செய்ய வழியுண்டு. கிளையை மூடப்போவதை அறிந்தே பணம் வாங்கியிருப்பதாகத் தெரிந்தால், அப்போது மோசடிக் குற்றத்திற்காகக் காவல் நிலையத்தை நாடுவதும் பொருந்தும். தாயாரின் மீதிச் சிகிச்சையை வழக்கு முடியும்வரை தள்ளிப்போட வேண்டாம். வேறிடத்தில் செய்துகொண்டு, ஒவ்வொரு ரசீதையும் அவர் பெயரிலேயே வாங்கி வையுங்கள், அந்தச் செலவையும் இந்தப் புகாரிலேயே கோரலாம்.